ரெண்டு வரி அக்கா

எங்கள் ஆபீஸில் அக்காவுக்கு ‘ரெண்டு வரி’ என்று பெயர். எதைக் கேட்டாலும் அதற்கு மேல் பதில் வராது. கல்யாணத்துக்குச் சம்மதமா என்று வீட்டில் கேட்டபோதுகூட, “சரி. ஆனா வேலைய விடமாட்டேன்” என்று முடித்துக்கொண்டாராம். கணவர் எங்கள் கம்பெனியிலேயே லிஃப்ட் மெக்கானிக். இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

லிஃப்ட் நின்றுபோனால் ஜனங்கள் கூப்பிடுகிற கன்ட்ரோல் ரூம் எங்களுடையது. வருஷக்கணக்காக நானும் அக்காவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் போன் எடுத்தோம். பிறகு ஏஐ ஏஜென்ட் வந்தது. புகாரைக் கேட்டு, கம்ப்யூட்டரில் இருக்கிற கருவிகளில் எது வேண்டுமோ அதைத் தானே எடுத்து வேலை பார்க்கும். எந்தக் கருவியை எப்போது தொடலாம், எப்போது தொடக்கூடாது என்று யாராவது அதற்கு எழுதிவைக்க வேண்டுமே? மேனேஜர் அக்காவைப் பிடித்தார். “வளவளன்னு வேணாம்மா. உன்னை மாதிரி சுருக்கமா எழுது” என்றார். தலையில் ஐஸ் வைப்பதில் மனுஷன் கெட்டிக்காரர். எனக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

லிஃப்டை இங்கிருந்தே ஓடவைக்கும் கருவிக்கு அக்கா எழுதிய விளக்கம் இது: ‘நின்றுபோன லிஃப்டை மறுபடி ஓடவைக்கும். உள்ளே ஆள் இல்லை, எல்லா மாடியிலும் கதவு மூடியிருக்கிறது என்று உறுதிசெய்த பிறகே பயன்படுத்து.’ நானும் படித்துவிட்டுப் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டினேன்.

ஏஜென்ட் தனியாக வேலை பார்த்த முதல் நாள். அது செய்யப்போவதையெல்லாம் எழுதிக் காட்டுகிற திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். லிஃப்ட் நாலாவது மாடியிலேயே நிற்கிறது என்று ஒருவர் கூப்பிட்டார். ‘மறுபடி ஓடவைக்கப்போகிறேன். முதலில் கதவுகளைப் பார்த்துச் சொல்லும்படி கேட்கிறேன்’ என்று திரையில் வந்தது.

அக்கா திரையில் கட்டடத்தின் பெயரைப் பார்த்தார். “அவரு போயிருக்கிற கட்டடம்டி இது.”

லிஃப்ட் கெட்டுப்போகவில்லை. அதை நிறுத்திவிட்டு, அதன் அடியில் இருக்கிற குழிக்குள் இறங்கி அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் போன் எடுத்த காலத்தில், எந்த லிஃப்டை ஓடவைக்கும் முன்பும் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, “கீழ யாராவது இருக்கீங்களா?” என்று கேட்போம். யாரும் எங்களுக்குச் சொல்லித்தந்ததில்லை. கை தானாகப் போனை எடுக்கும். கம்ப்யூட்டருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லாததால் அக்கா அதை எழுதவில்லை. எனக்கும் உறைக்கவில்லை.

அக்கா கணவருக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். புகார் சொன்னவர் மாடி மாடியாக இறங்கிக்கொண்டிருந்தார். ‘மூன்றாவது மாடிக் கதவு மூடியிருக்கிறது.’

ஏஜென்டை நிறுத்தும் உரிமை மேனேஜருக்கு மட்டும்தான். நான் அவர் மீட்டிங்கில் இருந்த அறைக்கு ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். கண்ணாடி வழியாக ‘இரு’ என்று கையைக் காட்டினார். வாயில் வந்தபடி திட்டிவிட்டுத் திரும்பி ஓடிவந்தேன்.

அக்கா அந்த விளக்கத்தைத் திறந்துவைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். கருவியைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ஏஜென்ட் விளக்கத்தைப் புதிதாகப் படிக்கும். அவர் கையில் இருந்தது அது ஒன்றுதான். அவசரத்தில் எழுத்தெல்லாம் மாறி மாறி விழுந்தது. ‘தரைத்தளக் கதவு மூடியிருக்கிறது’ என்று வந்த நேரத்தில் சேவ் பண்ணினார்.

கடைசியில் திரையில் எழுத்து வந்தது. ‘குழிக்குள் ஆள் இருப்பதாக விளக்கம் சொல்கிறது. ஓடவைக்க மாட்டேன்.’

நான் அழுதேவிட்டேன். அக்கா மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கணவரின் போன் வந்ததும் ஸ்பீக்கரில் போட்டார்.

“என்னம்மா, இத்தனை தடவை கூப்பிட்டிருக்க? கையெல்லாம் கிரீஸு.”

“குழிக்குள்ள இருக்கிற சிவப்பு சுவிட்சை அழுத்தியிருக்கீங்களா?”

அதை அழுத்திவிட்டால், யார் எங்கிருந்து என்ன செய்தாலும் லிஃப்ட் நகராது.

“இல்லம்மா. நீங்கதான் கேக்காம ஓடவிட மாட்டீங்களே. அந்த தைரியந்தான்.”

“புகார் போனை இப்ப எடுக்கிறது நான் இல்லீங்க” என்றார் அக்கா. “மத்தவங்க அழுத்துவாங்களா?”

“யாரு அழுத்துறா? எல்லாரும் உங்களை நம்பித்தான் இறங்குறோம்.”

நான் திரையைப் பார்த்தேன். ஏஜென்ட் அடுத்த புகாருக்குப் போயிருந்தது. வேறொரு கட்டடம். ‘உள்ளே ஆள் இல்லை. கதவுகள் மூடியிருக்கின்றன.’ அக்கா எழுதிய புது வரியில் இருந்ததோ அவர் கணவர் இருந்த கட்டடத்தின் பெயர் மட்டும்தான்.

“அக்கா!” என்று கத்தினேன். அவரும் பார்த்துவிட்டார். பெயரை அழித்து, ‘எந்தக் கட்டடமானாலும் மெக்கானிக்கைக் கேட்காமல்’ என்று தட்டிக்கொண்டிருக்கும்போதே, ‘ஓடவைத்துவிட்டேன்’ என்று வந்தது.

அந்தக் கட்டடத்து மெக்கானிக்கின் எண்ணை நான் எப்படி அழுத்தினேனோ தெரியாது. எடுத்தார். டீ குடிக்க இப்போதுதான் குழியிலிருந்து ஏறி வந்தாராம். “அக்கா, அவர் வெளியிலதான் இருக்காரு, ஒண்ணும் ஆகல” என்று அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அக்கா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. “என் புருஷன் இருந்த இடத்தை மட்டுந்தான்டி எழுதினேன்” என்றார்.