பதினெட்டு வீட்டுச் சோறு

எங்கள் ஊரில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை யாரும் பட்டினி போட்டதில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் எழுதப்போவதைப் படித்துவிட்டு எங்கள் ஆட்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று யாரும் நினைக்கக் கூடாது.

கொல்லிமலையின் மேல் பதினெட்டு வீடு உள்ள ஊர் எங்களுடையது. மலைக்காய்ச்சலில் பெரியவர்கள் போய்ப் பிள்ளை மட்டும் மிஞ்சினால், ஊர்க்கவுண்டர் கூட்டம் போட்டு முறை வைப்பார். இன்றைக்கு ஒரு வீடு, நாளைக்கு அடுத்த வீடு. முறை வந்த வீட்டில் இரண்டு வேளைச் சாப்பாடு, அங்கேயே படுக்கை. அந்த வீட்டுக்குப் பிள்ளை அன்றைக்குக் கைவேலை செய்து கொடுக்கும். இதற்கு முறைச்சோறு என்று பெயர். என் அம்மாவும் அப்பாவும் ஒரே மழைக்காலத்தில் பத்து நாள் இடைவெளியில் போனார்கள். எனக்குப் பதினாலு வயது, தங்கச்சிக்கு ஏழு. இரண்டு பேரையும் முறையில் வைத்தார்கள். அப்பா இருந்தபோது மலைக்கு வந்து மூன்று வருஷம் பள்ளி நடத்திய ஒரு வாத்தியாரிடம் படித்த எழுத்துதான் இப்போது நான் எழுதுவது.

பதினாறு வயதில் பெரியப்பா என்னை முறையிலிருந்து எடுத்து ஏர் பிடிக்க வைத்துக்கொண்டார். எங்கள் அப்பா உழுத காடும் அவர் கையில்தான் இருந்தது. எனக்குக் கல்யாணம் ஆகும்போது தருவதாகப் பேச்சு. தங்கச்சி முறையிலேயே இருந்தாள்.

யாரும் அவளை அடிக்கவில்லை. கெட்ட சொல் சொன்னவர்கள்கூடக் குறைவு. ஆனால் ஒவ்வொரு வீடும் தன் முறை வரும் நாளுக்கென்று குத்தாத சாமையை எடுத்து வைத்திருந்தது. பதினெட்டு நாளைக்கு ஒரு தரம்தானே, புள்ளை ஒத்தாசையாகக் குத்திக் கொடுக்கட்டும் என்பது அவர்கள் நியாயம். அவளுக்கு அது தினமும். சொந்தப் பெண் உள்ள வீட்டில் மூன்று நாளைக்கு ஒருமுறை எடுக்கிற உலக்கையை இவள் ஆறு வருஷம் ஒரு நாள் விடாமல் பிடித்தாள். பதிமூன்று வயதில் அவள் உள்ளங்கை நுகத்தடி பட்ட மாட்டுக் கழுத்து மாதிரி காய்த்திருந்தது. விரலை முழுதாக மடக்க முடியாது.

"ஊருலயே எனக்குத்தாண்ணா பதினெட்டு மாமியா. கட்டிக்கத்தான் ஒருத்தனையும் காணோம்" என்பாள். அவள் சிரித்தால் நானும் சிரித்துவிடுவேன். அதற்குமேல் யோசிக்கவில்லை.

அந்த வருஷம் தை அறுப்பு முடிந்ததும் அடிவாரத்திலிருந்து ஒரு அம்மாள் ஏறி வந்தார்கள். வெள்ளைச் சீலை கட்டிய கைம்பெண், நாற்பது வயதிருக்கும். பின்னால் ஒரு ஆள் மருந்துப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்தார். கீழே ஒரு சங்கத்தார் ஆதரவில்லாத பெண்பிள்ளைகளை வைத்துச் சோறு போட்டு, எழுத்தும் நூற்பும் தையலும் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் சொல்லிக் கொடுக்கிறார்கள், அதை நடத்துகிறவர் இவர் என்று தெரிந்தது. எல்லாரும் டீச்சரம்மா என்றார்கள். காய்ச்சல்காரர்களுக்குக் கொய்னா மருந்து கொடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்தவர்கள், உரலண்டை நின்ற என் தங்கச்சியைப் பார்த்தார்கள்.

"ஏங்கண்ணு, நேத்தும் உலக்கைச் சத்தம் கேட்டுதே, நீதானா?"

"நாந்தானுங்க. நேத்து வேற ஊடுங்க."

"முந்தாநேத்து?"

"அது வேற ஊடுங்க."

டீச்சரம்மா அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்கள். எனக்கு ஆறு வருஷம் விளங்காதது அவர்களுக்கு ஒரு நாளில் விளங்கிவிட்டது.

"எங்க இல்லத்துக்கு வாரியா?"

"அங்க சாமை குத்தோணுமுங்களா?"

"குத்தோணும். பொய் சொல்ல மாட்டேன். ஆனா முப்பது புள்ளைங்க இருக்கறாங்க, மாத்தி மாத்திக் குத்துவீங்க."

தங்கச்சி உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டு, "வாரேனுங்க" என்றாள்.

அவள் வருகிறேன் என்றால் போதாது. மலையைவிட்டு இறங்கி வேறு கையில் சோறு தின்ற பெண்ணை மறுபடி ஊர் சேர்க்காது. அதனால் கூடப்பிறந்தவன் கூட்டத்தில் நின்று "போகட்டும்" என்று சொன்னால்தான் விடுவார்கள். மூன்று தரம் கேட்பார்கள். மூன்று தரமும் வாய் திறக்காவிட்டால் ஊர் சொன்னதுக்குச் சம்மதம் என்று ஆகிவிடும். ஊர் என்ன சொல்லும் என்பது எல்லாருக்கும் தெரியும். பிள்ளை இங்கேயே இருக்கட்டும் என்றுதான்.

நான் நாலு பேர் முன்னால் பேசாதவன். பேர் கேட்டால்கூடப் பெரியப்பாதான் சொல்வார். அதனால் கூட்டத்துக்கு முந்தின நாள் தங்கச்சி என்னைக் காட்டுக்கு இழுத்துப்போய்ப் பழக்கினாள். ஒரு பாறைமேல் ஏறி உட்கார்ந்து, ஊர்க்கவுண்டர் மாதிரியே தொண்டையைச் செருமி, மீசை இல்லாத இடத்தில் முறுக்கிக்கொண்டாள்.

"ஏண்டா, கூடப்பொறந்தவனே. புள்ளை கீழ போறதுக்கு நீ என்ன சொல்றே?"

"போகட்டுமுங்க."

"என்னது? கெழவனுக்குக் காது கேக்கலே."

"போகட்டுமுங்க."

"மாடு கத்துன மாதிரி இருக்குது. இன்னொருக்காச் சொல்லு சாமி."

பத்துத் தடவை சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது. "ஒரே ஒரு சொல்லுண்ணா. அதைத் தாண்டி நீ ஒண்ணும் பேச வேண்டாம். மீதியை நான் கீழ போயிப் பேசிக்கிறேன்" என்றாள்.

கோயில் முன்னால் கூட்டம். பெண்கள் வரக் கூடாது. தங்கச்சி மாட்டுப்பட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள். ஊர்க்கவுண்டர் நிதானமாகத்தான் பேசினார். "இது நம்ம புள்ளை. நாம சோறு போடறோம், நாளைக்கு நாமளே கட்டிக் குடுப்போம். இங்கயே இருக்கட்டுமுன்னு ஊரு சொல்லுது. நீ என்ன சொல்றே?"

எனக்கு வாய் வரவில்லை. இரண்டாம் தரம் கேட்டார். பெரியப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை, தன் கைத்தடியின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ, "வாயத் தொறந்தா ஈ பூந்துருமுன்னு பயப்படறான்" என்றார். சிரித்தார்கள். மூன்றாம் தரமும் கேட்டு முடிந்தது.

கூச்சம் என்று இத்தனை வருஷம் சொல்லி வந்திருக்கிறேன். கூச்சம் இருந்தது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் அப்பாவின் காடு என் நினைவுக்கு வந்ததும் உண்மை. ஊரை எதிர்த்துச் சொன்னவனுக்குப் பெரியப்பா காட்டைத் தருவாரா என்று ஒரு நினைப்பு ஓடியது. எது என் வாயைக் கட்டியது என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

டீச்சரம்மா இறங்கும்போது பாதையில் என்னிடம், "மனசு மாறுனா நீயே கூட்டிட்டு வா தம்பி. யாரையும் கேக்க வேண்டாம்" என்றார்கள். தங்கச்சி என்னைத் திட்டவில்லை. என்னைக் கண்டால் கேலி பேசுவதை மட்டும் விட்டுவிட்டாள்.

ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் வந்தாலும் முறை நிற்காது. விடிந்தால் அடுத்த வீடு. முதல் இரண்டு நாள் நடந்தாள். மூன்றாம் நாளிலிருந்து நான் முதுகில் தூக்கிக்கொண்டு போனேன். எந்த வீட்டிலும் கஞ்சி இல்லை என்று சொல்லவில்லை. ஒரு வீட்டு அம்மாள் பகல் முழுக்க நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஆனால் எல்லா வீட்டிலும் ஒரு பயம் இருந்தது, நம் முறையில் போய்விடக் கூடாதே என்று. விடியும்போதே வாசலில் நின்று நான் வருகிறேனா என்று பார்ப்பார்கள். நான் அவளைத் தூக்கியதும் அவர்கள் முகம் தெளியும்.

பதினோரு நாள், பதினோரு வீடு. பன்னிரண்டாவது வீட்டு வாசலில் அந்த வீட்டு அம்மாள், "கொஞ்சம் இரு சாமி, எடத்தைக் கூட்டி உடறேன்" என்று உள்ளே போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. முதுகில் அவள் உடம்பு அடுப்புக்கல் மாதிரிச் சுட்டது. அந்த அம்மாள் வெளியே வருவதற்குத் தாமதமானது. வேண்டுமென்றே தாமதித்தாரா, தெரியாது. நான் திரும்பி நடந்தேன். ஊர் எல்லையில் இரண்டு பேர், "எங்கடா போறே?" என்று கேட்டார்கள். பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பது எனக்குப் பழக்கம்.

இறங்குவதற்கு அரை நாளுக்கு மேல் ஆனது. மழையில் பாறையெல்லாம் வழுக்கியது. டீச்சரம்மா ஈரத் துணியை மாற்றிப் பாயில் படுக்க வைத்து, கொய்னாவைக் கரைத்து ஊற்றினார்கள். உள்ளூர் வைத்தியரையும் கூட்டி வந்தார்கள். அவர் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "முன்னாலயே கொண்டாந்திருக்கலாம்" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் அவளுக்கு நினைவு தெளிந்தது.

"அண்ணா, விடிஞ்சிருச்சு. யாரும் எழுப்பலே."

"எழுப்ப மாட்டாங்க."

"இன்னிக்கு எந்த ஊடு?"

"இதே ஊடுதான்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் இதே ஊடுதான்."

"அப்ப இங்க சாமைய எப்பத்தான் குத்துவாங்க?" என்று கேட்டாள். பெரிய கணக்குப் போடுகிறவள் மாதிரி நெற்றியைச் சுருக்கினாள். அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். கீழேயே புதைத்தோம். இல்லத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு கை மண் போட்டார்கள். அவள் பேரைக் கூட அறியாதவர்கள்.

நான் மலைக்குத் திரும்பினேன். எனக்குத் தீட்டுக் கழித்துச் சேர்த்துக்கொண்டார்கள். பெரியப்பா காட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, பிற்பாடு கொடுத்தும்விட்டார்.

அடுத்த தையில் டீச்சரம்மா மறுபடி ஏறி வந்தார்கள். அப்போது முறையில் எட்டு வயதுப் பெண் ஒன்று இருந்தது. அதைக் கேட்டார்கள். கோயில் முன்னால் நின்றபடியே ஊர்க்கவுண்டர் சொல்லிவிட்டார். "உங்ககிட்ட வந்த புள்ளை மூணு நாள் தாங்கலீங்களே அம்மிணி. இன்னொண்ணை எப்படி உடறது?"

கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர்கள் மனசில் அது அப்படித்தான் பதிந்திருந்தது. கீழே போன பிள்ளை மூன்றாம் நாள் செத்தது. டீச்சரம்மா என்னைப் பார்த்தார்கள். சொல்ல வேண்டியவன் நான் என்று அவர்களுக்குத் தெரியும்.

அன்றைக்கு நான் பேசினேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான், ஆனாலும் பேசினேன். "போறதுக்கு முன்னாலயே பதினோரு நாளாக் காய்ச்சலுங்க."

ஊர்க்கவுண்டர் என் பக்கம் திரும்பினார். அவர் குரலில் கோபமில்லை. "அப்ப அந்தப் பதினோரு ஊடும் சேந்து உன் தங்கச்சியக் கொன்னு போட்டாங்கறயா?"

நிமிர்ந்து பார்த்தேன். பதினோரு வீட்டு ஆட்களும் அங்கேதான் நின்றார்கள். ஈரத்துணி போட்ட அம்மாளின் புருஷனும் நின்றார்.

"இல்லீங்க" என்றேன். அந்தச் சொல் மட்டும் தடங்கலில்லாமல் வந்தது.

டீச்சரம்மா பெட்டியைத் தூக்கச் சொல்லிவிட்டு மலைமேலேயே அடுத்திருந்த பைல் நாட்டு ஊர்கள் பக்கம் நடந்தார்கள். அங்கிருந்து இரண்டு பெண்பிள்ளைகள் அவர்களோடு இறங்கிப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். எங்கள் ஊரில் அந்த எட்டு வயதுப் பிள்ளையைக் கட்டிக் கொடுக்கும்வரை முறையில் வைத்திருந்தார்கள்.