நாலு மணி டீ

என் மாமியார் மிலிட்டரிக்காரர் மனைவி. மாமா வருடத்தில் இரண்டு மாதம்தான் செவிலிமேட்டில் இருப்பாராம். கொத்தனாரை அதட்டி வீடு கட்டியதும், நாத்தனார்களைக் கட்டிக்கொடுத்ததும், மூன்று பிள்ளைகளை வளர்த்ததும் அத்தைதான். மாமா காலமான பிறகும் அத்தையைக் கேட்காமல் எங்கள் வீட்டில் ஒரு முகூர்த்தப் புடவைகூட எடுத்ததில்லை.

படுத்த படுக்கையான பிறகு, தினமும் நாலு மணிக்கு ஜன்னலைப் பார்த்து இந்தியில் கூப்பிட ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் தானே அடங்கிவிடுவார். புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தோம்.

"ஏன் அத்தே கத்திக்கினே இருக்கீங்க? கம்முனு படுங்க" என்று ஒருநாள் அதட்டி, ஜன்னலைச் சாத்தினேன். அன்று அவர் அடங்கவே இல்லை.

பக்கத்து வீட்டில் டைல்ஸ் போடும் பீகார்காரர் தயங்கித் தயங்கி வாசலுக்கு வந்தார்.

"அம்மா கமலான்னு கூப்பிடுது. டீ ஆறுது, வான்னு சொல்லுது. தினம் நான் அங்கேர்ந்து 'வரேன்'னு இந்தியில சொல்லும். இன்னைக்கு ஜன்னல் மூடி. அம்மாக்குக் கேக்கல."

கணவரைக் கேட்டேன். கல்யாணமான புதிதில் அத்தை இரண்டு வருடம் பஞ்சாபில் மிலிட்டரி குவார்ட்டர்ஸில் இருந்தாராம். மாமா எல்லைக்குப் போகும்போதெல்லாம் பக்கத்து வீட்டுக் கமலாதான் துணையாம்.

மறுநாள் ஜன்னலைத் திறந்துவைத்து, இரண்டு டம்ளர் டீயோடு கட்டிலில் உட்கார்ந்தேன். இருபது வருடமாக அவர் பக்கத்தில் டீயை வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடியவள் நான். சேர்ந்து உட்கார்ந்து குடித்தது அன்றுதான் முதல் தடவை.

அத்தை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.