லுக்ஷாவின் பின்னால் வந்த கூட்டம்

கடலோரத் துப்ரோவ்னிக் நகரத்துக் கோட்டைச் சுவருக்குள் பிறந்து ஐம்பத்தெட்டு வருஷமாக அங்கேயே குடியிருப்பவர் லுக்ஷா. பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை. கல்யாணம் ஆகவில்லை. சுற்றுலாக்காரர்கள் மேல் இடிக்காமல் எந்தச் சந்தில் எப்போது நடக்கலாம் என்பது தனக்கு அத்துப்படி என்கிற ஒரு கர்வம் மட்டும் உண்டு. காலையில் பல் தேய்க்குமுன்பே, துறைமுகப் பட்டியலில் இன்று எத்தனை சுற்றுலாக் கப்பல் என்று பார்த்துவிடுவார். ஊரே அப்படித்தான். லுக்ஷா பார்த்ததோடு நிற்காமல் அக்கம்பக்கத்துக்கு அறிவுரையும் சொல்வார்.

தங்கை மகள் நிகாவின் குழந்தைக்கு அன்று பதினொரு மணிக்கு ஞானஸ்நானம். லுக்ஷாதான் ஞானத்தந்தை. வாழ்க்கையில் யாராவது அவரை எதற்காவது தேர்ந்தெடுத்தது இதுவே முதல் தடவை. தாமதமானால் பாதிரியார் காத்திருக்க மாட்டார். நிகாவின் மாமனார் அந்துன் அந்த இடத்தில் நிற்கத் தயாராகக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருப்பார்.

ஒரே கப்பல்தான், பத்து நிமிஷம் போதும் என்று போனில் சொல்லிவிட்டு, பத்து ஐம்பதுக்குப் படியிறங்கினார் லுக்ஷா. அந்த ஒரு கப்பலில் ஐயாயிரம் பேர் என்று பட்டியலின் பக்கத்துக் கட்டத்திலேயே போட்டிருந்தது. மேதாவி கப்பலை எண்ணினாரே தவிர, தலைகளை எண்ணவில்லை.

பெரிய தெரு அடைத்துக்கொண்டு நின்றது. ஞானத்தந்தை கொண்டுபோக வேண்டிய முழ நீள மெழுகுவத்தி ஒடிந்துவிடுமோ என்று பயந்து, அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, தெரிந்த நாலு மொழியிலும் கெஞ்சிக்கொண்டே நுழைந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. தன் முகத்தில் ஏதோ களை இருக்கிறது என்று லுக்ஷா நினைத்துக்கொண்டார்.

தேவாலயத்துக்குள் பாதிரியார் புத்தகத்தைத் திறந்திருந்தார். அந்துன் ஒரு காலை முன்னால் எடுத்து வைத்திருந்தார். லுக்ஷா ஓடிப்போய் அந்தக் காலுக்கு முன்னால் நின்றார்.

நிகா அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். "யாரு மாமா இவங்கல்லாம்?"

திரும்பினார். தொப்பியும் முதுகுப்பையுமாக முப்பது பேர். கொடியோ குடையோ தூக்கிப் பிடித்து நடக்கிற சுற்றுலா வழிகாட்டி என்று நினைத்து, மெழுகுவத்தியின் பின்னாலேயே வந்திருக்கிறார்கள்.

"என் பக்கத்து ஆளுங்கம்மா," என்றார் மூச்சு வாங்க.

"கல்யாணமே பண்ணிக்காத மனுஷனுக்கு இவ்வளவு சொந்தமா?" என்றார் அந்துன்.

"கப்பல்லேர்ந்து வந்திருக்காங்க. நீங்க தள்ளி உக்காருங்க, எடம் பத்தாது."

குழந்தை அவர் கைக்கு வந்தது. பாதிரியார் சாத்தானை விலக்குகிறாயா என்று கேட்டார். விலக்குகிறேன் என்றார் லுக்ஷா. அடுத்த நிமிஷமே, பின்னாலிருந்து ஏழெட்டுப் பேர் அதைக் கிட்டத்தட்டத் தப்பில்லாமல் திருப்பிச் சொன்னார்கள்.