சாய்ந்த மணி

எந்தப் பழைய உளியைக் கையில் கொடுத்தாலும் அது பிறந்த வருடத்தைச் சொல்லிவிடுவாள் ஹில்டா ஸ்டேனிஃபோர்த். ஷெஃபீல்டின் சனிக்கிழமைச் சந்தையில் அவளுக்கென்று கடை கிடையாது. என் பீங்கான் கடையின் ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். செத்துப்போன தகப்பனின் பெட்டியைக் காலி செய்தவர்கள் ரம்பமும் இழைப்புளியுமாக அவளைத் தேடி வருவார்கள். கூலி, ஒரு கோப்பைத் தேநீர்.

பதினெட்டு வயதில் உளி ஆலையில் சேர்ந்தவள். அலகில் ஆலையின் முத்திரையான மணி உருவத்தைக் குத்துவதுதான் ஓய்வு பெறும்வரை அவள் வேலை. இடதுகைக்காரி. அதனால் அவள் குத்தும் மணி மட்டும் சற்றே இடப்பக்கம் சாய்ந்திருக்கும். "உன் மணி எப்பவும் குடிச்சிட்டுத்தான் நிக்குது" என்று அதைச் சொல்லியே அவளைச் சீண்டியவன் வால்டர் கிரெஸ்வெல் என்ற தச்சன்.

எங்கள் ஊர்த் தச்சர்கள் வாங்கிய கருவியின் கைப்பிடியில் தங்கள் பெயரைக் குத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். நிச்சயம் ஆனதும் ஹில்டா அவனுக்குப் பெயர் அச்சு ஒன்று வெட்டச் சொல்லி வாங்கிக் கொடுத்தாள். வெட்டியவர் கை தவறியதில் முதல் எழுத்தில் சின்னக் கீறல் விழுந்துவிட்டது. மாற்றித் தருகிறேன் என்றாள். அவன் சம்மதிக்கவில்லை.

1941ல் அவன் போருக்குக் கப்பல் தச்சனாகப் போனான். கருவிகளைப் பட்டறையில் விட்டுவிட்டு, அந்த அச்சை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான். கப்பல் மூழ்கியது. காணாமல் போனவர்கள் பட்டியலில் அவன் பெயரைச் செய்தித்தாளில்தான் ஹில்டா பார்த்தாள். அதற்கு முந்தைய குளிர்காலக் குண்டுவீச்சில் அவன் வீட்டார் அத்தனை பேரும் போய்விட்டிருந்தார்கள். பட்டறைக் கருவிகளையும் யாரோ விற்றுவிட்டார்கள். அவற்றில் ஒன்றாவது கிடைக்காதா என்றுதான் கருவிக் குவியல்களைக் கிளற ஆரம்பித்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாற்பத்துமூன்று வருடங்கள் கிளறினாள்.

சென்ற அக்டோபரில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் வந்து, கித்தான் சுருளை என் மேசையில் விரித்தான். ஆறு உளிகள். பார்த்து வருடம் சொல்ல வேண்டும் என்றான். முதல் உளியை எடுத்த ஹில்டாவின் கை அப்படியே நின்றது. கைப்பிடியில் டபிள்யூ. கிரெஸ்வெல் என்று இருந்தது. முதல் எழுத்தில் அந்தக் கீறல்.

அவள் கன்னம் நனைந்ததை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன். பெயர்மீது விரலை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு வழக்கம்போல அலகைத் திருப்பினாள். மணிக்குக் கீழே ஊரின் பெயர் இருந்தது.

அவள் முகம் வெளுத்துவிட்டது. மணிக்குக் கீழே ஊர்ப்பெயர் வந்தது 1951ல். புது அச்சை முதலில் குத்தியவளே அவள்தான்.

என் பக்கம் குனிந்து மெல்லச் சொன்னாள். "பிடி மட்டும் அவரோடதுடி. பழைய அலகு உடஞ்சு, யாரோ புது அலகு மாட்டியிருக்காங்க."

பிடியைப் பார்த்து வருடம் சொல்லாதே, பிடி மாறும், அலகு மாறும் என்று மற்றவர்களைத் திட்டுகிறவள் அவள். இப்போது அந்தக் குழப்பத்தையே இறுகப் பிடித்துக்கொண்டாள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அடுத்த உளியை எடுத்தாள். அதற்கடுத்ததை எடுத்தாள். ஆறிலும் அதே பெயர், அதே கீறல். ஆறு அலகிலும் ஊர்ப்பெயர். ஆறு மணிகளும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

யாருடையவை என்று நான்தான் கேட்டேன்.

அவன் பெயர் டெனிஸ் கிரெஸ்வெல். கிரிம்ஸ்பியிலிருந்து வந்திருந்தான். அப்பா பிப்ரவரியில் இறந்துவிட்டாராம். போரில் கப்பல் மூழ்கியபோது எதிரிகள் பிடித்துப்போய், நாலு வருடம் சிறையில் இருந்தவர். திரும்பி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அங்கே நர்ஸாக இருந்த அம்மாவைக் கட்டிக்கொண்டார். ஷெஃபீல்டுக்கு மட்டும் வரவே மாட்டார், எத்தனை தடவை கூப்பிட்டாலும் அங்கே யார் முகத்தில் விழிப்பது என்பார் என்றான்.

"ஆனா உளி மட்டும் இந்த ஊரு உளிதான் வேணும். கடையில தட்டையே கவுத்துப் போட்டுத் தேடுவாரும்மா. மணி சாஞ்சிருக்கிற உளிதான் கூர் மழுங்காதாம். கடைக்காரர் சிரிப்பார், எங்கம்மா தலையில அடிச்சுக்குவாங்க. நெஜமாவே அது ஒசத்தியா?"

ஹில்டா அவனை நிமிர்ந்து பார்த்தாள். சொல்லிவிடுவாள் என்று நான் பயந்தேன். சொல்லாமல் இருந்துவிடுவாளோ என்றும் பயந்தேன்.

"எஃகு எல்லாம் ஒண்ணுதான் கண்ணு. முத்திரை குத்தினவ இடதுகைக்காரி. அவ்வளவுதான்."

"அப்ப எங்கப்பா நல்லா ஏமாந்திருக்காருன்னு சொல்லுங்க" என்று அவன் சிரித்தான்.

"அவருக்குத் தெரியும்" என்றாள் ஹில்டா.

அவன் புரியாமல் என்னைப் பார்த்தான். அவள் ஆறு உளிகளையும் ஒவ்வொன்றாகக் கித்தானில் செருகி, சுருட்டி, நாடாவை முடிந்து அவன் கையில் கொடுத்தாள். 1951லிருந்து ஏழெட்டு வருடத்துக்குள் செய்தவை என்று சொன்னாள். விற்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தனக்கு ஒன்று வேண்டும் என்றும் கேட்கவில்லை. அவன் நன்றி சொல்லிவிட்டு, தேநீருக்குச் சில்லறை வைத்துவிட்டுப் போனான்.

வரிசையில் அடுத்து நின்ற பெண் ஒரு ரம்பத்தை நீட்டினாள். ஹில்டா அதை வாங்கி, அலகைத் திருப்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ரம்பத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இன்னிக்கு முடியலம்மா" என்றாள். "எதைப் பார்த்தாலும் வருஷமே தெரியமாட்டேங்குது."