கோலியனூரில் ஒரு ஹாலிவுட் அம்மா

விழுப்புரத்தில் இன்று பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப் போன ஸ்டுடியோவில், கோலியனூர் அக்கா ஒருவர் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை நீட்டினார்.

"எங்கம்மாங்க. நான் கைக்குழந்தையா இருக்கசொல்ல செத்துட்டாங்க. எங்கப்பா இத்த வச்சிக்கினுதான் அம்மா மூஞ்சியக் காட்டுனாரு. அமாவாசைக்குப் படைக்கணும், பெருசு பண்ணிக் குடுங்க."

எட்டிப் பார்த்தேன்.

அது பேசாத படக் காலத்து ஹாலிவுட் நடிகை. நான் தேடித் தேடிப் பார்க்கிறவள். படங்கள் பேசத் தொடங்கியதும் வாய்ப்பிழந்து, பிள்ளையில்லாமல், வாடகை அறையில் தனியாகச் செத்துப்போனவள்.

"நெத்தியில பொட்டே இல்லையேக்கா?" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"அழிஞ்சிருக்கும். நல்லா பெருசா வச்சிடுங்க."

கம்ப்யூட்டரில் பொட்டு ஏறியதும் அந்த அக்கா அழுதுவிட்டார். "வருஷா வருஷம் வடை பாயசம் வெச்சும் சிரிக்கவே மாட்டாங்க. இப்ப சிரிக்கிறாங்க பாருங்க."

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அவள் நடித்த படமொன்றைப் போட்டேன். வெறும் நெற்றியோடு வந்து நின்றாள். யாரோ பொட்டை அழித்துவிட்டது போலிருந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

அந்த அக்காவிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்கிறீர்களா? கோலியனூர் பஸ் ஏறி, நீங்களே போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.