சார்ஜா டார்ச்சும் கமருன்னிஸாவும்

டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டால்தான் கமருன்னிஸா பேச்சை நிறுத்துவார். மற்ற நேரத்தில் அவரை நிறுத்த ஆள் கிடையாது. கரண்ட் போன வீட்டில் கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் பார்க்கிறபோது, காய்ச்சல்காரனின் தொண்டையை எட்டிப் பார்க்கிறபோது, அந்த விரல் நீள அலுமினியக் குழாய் அவர் வாயில் இருக்கும். இரண்டு கையும் வேலையில் இருக்கும். அந்த ஐந்து நிமிடம் வீட்டில் உள்ளவர்கள் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்வார்கள்.

முத்துப்பேட்டைக்கு மேற்கே கோரையாற்றை ஒட்டிய நான்கு கிராமங்களுக்கு அவர்தான் சுகாதார செவிலியர். வயது நாற்பத்தாறு. யூனிபார்ம் சேலையின் முந்தானையை முக்காடாகப் போட்டு, நுனியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு மொபெட்டில் வருவார். ஹாரன் வேலை செய்யாது. அதனால் வழி நெடுக வாயாலேயே ஆடுகளையும் ஆட்களையும் விலக்கிக்கொண்டு வருவார். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுக்கிற ஜன்னலுக்கு உள்ளே உட்காருகிறவன். பதினோரு வருடமாக அவரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

டார்ச் வந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். சார்ஜாவில் ஹார்டுவேர் கடையில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி முபாரக் ரம்ஜானுக்கு வந்தபோது, பெட்டியில் வீட்டுக்கு அத்தர், மாமிக்குத் துணி, பிள்ளைகளுக்குச் சாக்லேட். அக்காவுக்கு என்று அவன் எடுத்து வைத்த வாசனை பாட்டிலை இவர் நகர்த்தி வைத்துவிட்டு, தனக்கென்று அவன் சட்டைப் பையில் வைத்திருந்த டார்ச்சைக் கேட்டு வாங்கிக்கொண்டார். முன்பக்கம் மாதுளை முத்து மாதிரி ஒன்பது குட்டி பல்புகள். உள்ளே மெல்லிசான மூன்று செல். எல்.இ.டி. என்ற எழுத்தையே நாங்கள் அப்போதுதான் கேள்விப்பட்டோம்.

ஐந்து செல் டார்ச் வைத்திருக்கும் பண்ணை ஆட்களுக்கு அது விளையாட்டுச் சாமானாகப் பட்டது. தென்னை மரத்து உச்சிக்குப் போகுமா இந்த வெளிச்சம் என்று ஒருவர் கேட்டார்.

"நான் என்ன தேங்கா பறிக்கவா வந்தேன்? ஒரு மொழம் தூரம் தெரிஞ்சாப் போதும் எனக்கு" என்றார் கமருன்னிஸா.

அந்த ஒரு முழத்துக்காக அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். இலாகா கொடுத்த பழைய டார்ச்சைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். பிடிக்க வருகிறவர் ரத்தத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்புவார். முகத்தோடு வெளிச்சமும் திரும்பும். ஒரு வீட்டில் மாப்பிள்ளை டார்ச்சோடு மயங்கி விழுந்து, தையல் போட வேண்டிய தலை இரண்டாகிவிட்டது. சின்ன டார்ச்சில் அந்தத் தொல்லை எதுவும் இல்லை. சூடு ஏறாது, பல்பு போகாது, தட்டித் தட்டி எரிய வைக்க வேண்டாம். ஒரு முறை மொபெட்டோடு வாய்க்காலில் விழுந்தார்; தண்ணீருக்கு அடியில் அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. செல் போட்டால் ஒன்றரை மாதம் கவலையில்லை. இந்த வருடத்து மின்வெட்டுக்கு அதைவிடத் தோதான துணை வேறு என்ன இருக்கிறது? எங்கள் நிலையத்தின் மற்ற எட்டுச் செவிலியர்களும் முபாரக்கிடம் சொல்லி ஆளுக்கு ஒன்று வரவழைத்துக்கொண்டார்கள்.

புதிதாக வந்த டாக்டர் சந்தானகிருஷ்ணனுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. கல்லூரியிலிருந்து வந்த சூடு ஆறாத பிள்ளை. ஸ்டாக் புத்தகத்தில் இல்லாத பொருளைப் பணியில் உபயோகிக்கக் கூடாது, இலாகா டார்ச் எங்கே என்று ஆய்வுக்கு வந்தபோது கேட்டார். கமருன்னிஸா பையிலிருந்து அதை எடுத்து மேசையில் வைத்தார். பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார்.

"ஸ்டாக்குல இருக்கு சார். வெளிச்சந்தான் இல்ல."

வாயிலாவது வைக்காதீர்கள் என்று டாக்டர் கேட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து கமருன்னிஸா தினமும் காலையில் டார்ச்சின் வால் பக்கத்தில் புதுப் பிளாஸ்திரி சுற்றினார். வாயில் வைப்பதை நிறுத்தவில்லை. பிளாஸ்திரி நான் கொடுத்ததுதான்.

போன கார்த்திகையில் இராஜாங்கத்தின் வீட்டில் அந்தச் சம்பவம் நடந்தது. இராஜாங்கம் கூட்டுறவுச் சங்கச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மகள் தமயந்தி தலைப்பிரசவத்துக்கு வந்து, ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பெற்று, மூன்றாம் நாள் வீடு திரும்பியிருந்தாள். பிள்ளை பெற்றவளுக்கான அறையை இராஜாங்கம் தானே தயார் செய்திருந்தார். ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் எல்லாம் சாக்கைத் திணித்து, ஒரு பொட்டு வாடைக்காற்று நுழையாதபடி அடைத்திருந்தார். அவருடைய முதல் குழந்தை, ஒரு பெண், பிறந்த பன்னிரண்டாம் நாள் இதே மாதிரி ஒரு மழை மாதத்தில் இறந்துபோனது. காற்றில் போனது என்பது அவர் கணக்கு. அந்த வீட்டில் பதினாறு நாளைக்கு ஜன்னல் திறக்க முடியாது.

நான்காம் நாள் கமருன்னிஸா போனபோது பட்டப்பகலில் அறை இருட்டு, கரண்டும் இல்லை. டார்ச்சை வாயில் வைத்துக்கொண்டு கண், தொப்புள், கைகால் எல்லாம் பார்த்தார். பால் குடிக்கிறானா என்று கேட்டார். குடிக்கிறான் என்றாள் தமயந்தி. பதிவேட்டில் 'குழந்தை நலம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் தமயந்தி போன் செய்தாள். பிள்ளை தூங்கிக்கொண்டே இருக்கிறான், எழுப்பினாலும் பால் குடிக்கவில்லை என்றாள். கமருன்னிஸா மொபெட்டை விரட்டிக்கொண்டு போய் மறுபடி டார்ச் அடித்தார். முகம் வெள்ளைவெளேர் என்றுதான் இருந்தது. ஒரு குறையும் தெரியவில்லை. அப்போது குழந்தையைத் தூக்கக் குனிந்த தமயந்தியின் கழுத்திலிருந்து தாலிக்கயிறு வெளிச்சத்தில் வந்து தொங்கியது. கமருன்னிஸா டார்ச்சை வாயிலிருந்து எடுத்தார்.

"கயித்துக்கு மஞ்சப் பூசலையாம்மா?"

"காலையில தலைக்கு ஊத்துனப்பதாங்க பூசினேன்."

கயிறு துவைத்துப்போட்ட நூல் மாதிரி வெளிறிக் கிடந்தது. அந்த ஒன்பது பல்பின் நீலம் பூத்த வெளிச்சம் கயிற்று மஞ்சளையே தின்றுவிட்டிருந்தது. அப்படியானால் பிள்ளையின் உடம்பில் எதைத் தின்றுவிட்டதோ என்று அப்போதுதான் உறைத்ததாக அவரே பிறகு என்னிடம் சொன்னார்.

இதில் எனக்கும் பங்கு உண்டு. ஒரு நாள் கரண்ட் இல்லாதபோது அவருடைய டார்ச்சை இரவல் வாங்கி மாத்திரை எண்ணினேன். மஞ்சள் மாத்திரை எது, வெள்ளை எது என்று பிரிக்க முடியாமல் திணறினேன். சொன்னேன். கண்ணாடியை மாற்றுங்கள் என்றார். நானும் சிரித்துவிட்டு அதோடு விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

கமருன்னிஸா டார்ச்சை அணைத்துவிட்டு ஜன்னலை நோக்கிப் போனார். இராஜாங்கம் குறுக்கே வந்து நின்றார். பதினாறு நாள் கழியட்டும் என்றார். ஒரு பிள்ளையைக் காற்றுக்குக் கொடுத்தது போதும் என்றார். கையைக் கூப்பவும் செய்தார்.

"அண்ணே, அந்தப் பொண்ணையும் இப்புடித்தான இருட்டுல வச்சிருந்தீங்க? காத்துலதான் போச்சுன்னு யாரு வெளிச்சத்துல பாத்தா?"

இராஜாங்கம் விலகவில்லை. அவரை ஒரு தோளால் ஒதுக்கிவிட்டு, சாக்கைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கிப் போட்டு, கமருன்னிஸா இரண்டு கதவையும் திறந்தார். மூட்டமான வானம்தான். ஆனாலும் பகல் பகல்தானே. பிள்ளை நெற்றியிலிருந்து தொடை வரைக்கும் மஞ்சளாகக் கிடந்தான். நெஞ்சில் விரலை அழுத்தி எடுத்தார். அழுத்தின இடமும் மஞ்சளாகவே இருந்தது. அதை இராஜாங்கமும் பார்த்தார். செருப்புக்கூடப் போடாமல் ஆட்டோவுக்கு ஓடினவர் அவர்தான்.

திருவாரூர் ஆஸ்பத்திரியில் மஞ்சள் காமாலை என்று பிள்ளையின் கண்ணைக் கட்டி, நீல விளக்கின் கீழே நான்கு நாள் போட்டிருந்தார்கள். மஞ்சளை மறைத்ததும் நீலம், எடுத்ததும் நீலம். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் மூளைக்குப் போயிருக்கும் என்றார்களாம். பிள்ளை பிழைத்தான். இப்போது அவன் அழுகிற அழுகை ஆற்றுக்கு அக்கரைக்குக் கேட்கிறது.

அடுத்த வாரம் டாக்டர் சந்தானகிருஷ்ணன் கமருன்னிஸாவைக் கூப்பிட்டார். என் ஜன்னலுக்குப் பக்கத்து மேசைதான், எல்லாம் காதில் விழுந்தது. இந்த முறை அவர் அதட்டவில்லை. நல்ல மனதோடுதான் பேசினார். நான்காம் நாள் எழுதிய 'நலம்' மாவட்ட ஆய்வில் கண்ணில் பட்டால் மெமோ வரும், பதவி உயர்வு நிற்கும். ஆனால் பிள்ளை வீட்டார் புகார் கொடுக்கவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை, அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிடுவோம் என்றார். டார்ச்சை மட்டும் இனி வீட்டில் வைத்துவிடுங்கள் என்றும் சொன்னார்.

கமருன்னிஸா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். வாயில் டார்ச் இல்லாமல் அவர் அப்படி இருந்தது எனக்குப் புதிது.

"டார்ச்ச விட முடியாது சார். ராத்திரி எனக்குக் கண்ணு அதுதான். ஆனா என்னப் பாத்துத்தான் எட்டு நர்சும் இத வாங்குனாங்க. இத நான் மறைச்சா, நாளைக்கு அவங்களும் ஏதாவது ஒரு இருட்டு ரூம்புல நலம்னு எழுதிட்டு வருவாங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மாத்திரை எண்ணினேன்.

கமருன்னிஸா பதிவேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தார். 'குழந்தை நலம்' என்பதை அடிக்கவில்லை. அதற்கு நேர் கீழே, கோட்டுக்குள் அடங்கும்படி, நிறுத்தி நிறுத்தி எழுதினார்: 'டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். மஞ்சள் தெரியவில்லை. ஜன்னலைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். தவறு என்னுடையது.' சுருக்கொப்பம் போடாமல் முழுப்பெயரையும் எழுதித் தேதி போட்டார். பிறகு பதிவேட்டை டாக்டர் பக்கமாகத் திருப்பி, மூடியைக் கழற்றிய பேனாவை அதன் மேல் வைத்தார்.