அடுப்பில் போன மாத்திரை

1950களில், போடிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை செய்தபோது, கர்ப்பமாக இருந்த எனக்கு மலைக்காய்ச்சல், அதாவது மலேரியா, வந்தது. அதற்குக் கம்பவுண்டர் தந்த கொய்னா மாத்திரையை, “புள்ள கலைஞ்சுரும்டி” என்று மாமியார் பிடுங்கி அடுப்பில் போட்டார். பிரசவம் வரை நடுங்கியே கிடந்தேன்.

பிறந்த மூன்றாம் மாதமே மகனுக்குத் தட்டம்மை கண்டது. எனக்கும் சின்ன வயதில் அது வந்ததை மாமியாரிடம் முன்பே சொல்லியிருந்தேன். “சின்னதுல அம்மை கண்டவ புள்ளைக்கு இம்புட்டு வெரசா வராது. தனக்கு வந்துச்சுன்னு இவ பொய்தான் சொல்லியிருக்கா!” என்று மாமியார் தெருவெல்லாம் தூற்றினார். மகன் பிழைக்கவில்லை.

பல வருடம் கழித்து ஒரு டாக்டரம்மா சொன்னார்: “ஒங்க ஒடம்புல அம்மைக்கு எதிர்ப்புச் சக்தி இருந்திருக்கும்மா. அது தொப்புள்கொடி வழியா புள்ளைக்குச் சரியாப் போகவிடாம அந்த மலேரியா தடுத்திருக்கும்.”

நான் பொய் சொல்லவில்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கேட்க மாமியார் உயிரோடு இல்லை. அவர் படத்துக்கு இன்றும் நான்தான் பூ வைக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு.